முசிறியைக் காட்டும் ரோமானியச் சாலைப்படம்

ரோமானியப் பேரரசின் சாலைகளைக் காட்டும் பழைய படம் ஒன்று வியன்னா நகரத் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1508-இல் கான்ராட் செல்டிஸ் என்ற அறிஞர் தம் நண்பர் பியூட்டிங்கருக்கு உயில் எழுதி வைத்ததால், பியூட்டிங்கர் படம் என்று பெயர். கிடைத்திருப்பது மூலம் அல்ல. ஏறத்தாழ 1200-ஐ ஒட்டித் தோலில் எழுதிய நகல்.

நீளம் சுமார் 6.75 மீட்டர், அகலமோ 34 செ.மீ.தான். அதன் அச்சுப்பிரதியை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மத்தியதரைக் கடல் வாய்க்கால் மாதிரி ஒடுங்கிக் கிடக்கிறது! ஆனால் வழிப்போக்கனுக்கு நாட்டின் வடிவமா வேண்டும்? அடுத்த ஊர் எது, எவ்வளவு தூரம் என்பதுதானே வேண்டும்? ரயில் நிலையங்களை வரிசையாகக் காட்டும் கோட்டுப்படம் போலத்தான் இதுவும். சிவப்புக் கோடு சாலை, கோடு மடிகிற இடம் தங்குமிடம், அருகே தூரம். ரோமானிய மைல் ஒன்று நம் கணக்கில் சுமார் 1.48 கி.மீ.

இன்னொன்று பாருங்கள். கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேயும் இதில் உண்டு, கி.பி. 330-இல் தலைநகரான கான்ஸ்டான்டினோபிளும் உண்டு. ஒரே பேரேட்டில் பாட்டன் எழுதியதும் பேரன் எழுதியதும் கலந்த மாதிரி. ஆகவே எந்தக் குறிப்பையும் ஒரே காலத்ததாகக் கொள்ளக்கூடாது.

கிழக்குக் கோடியில் நம் சேரநாட்டு முசிறி இருக்கிறது. பக்கத்தில் ஒரு ஏரி; 'அகஸ்தஸ் கோயில்' என்ற குறிப்புடன் ஒரு கட்டடம். உடனே சங்கக் கூட்டங்களில் நம்மவர், "ரோமானியர் நம் ஊரில் கோயில் கட்டினார்கள், படமே சாட்சி" என்று பேசிவிடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிப் பேசியவன்தான். முசிறி என்று பலர் கருதும் பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடி ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன, கோயில் கிடைக்கவில்லை. பலமுறை நகலெடுத்த படத்தின் ஒரு சிறு குறிப்பை மட்டும் நம்பிக் கோயில் எழுப்பலாமா?

வலுவான சாட்சி வேறு இருக்கிறது, அதுவும் அதே வியன்னா நூலகத்தில்! 1985-இல் வெளியிடப்பட்ட, கி.பி. 2-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடு அது. ஒரு புறம் முசிறி வணிகம் தொடர்பான கடன் ஒப்பந்தம். மறுபுறம் ஹெர்மபோலோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு. அதில் கங்கைப் பகுதி நறுமணப் பொருளும் யானைத் தந்தமும் வருகின்றன.

பணம் கொடுத்தவனும் வாங்கியவனும் ஒப்புக்கொண்ட கணக்கு அது. நம் பிள்ளைகள் முசிறியின் பெருமையைக் கேட்டால் அந்தக் கணக்கையே முதலில் சொல்லுங்கள். கோயிலைப் பற்றிக் கேட்டால், படத்தில் அப்படி எழுதியிருக்கிறது என்ற அளவோடு நிறுத்துங்கள். நம் பெருமைக்கு அது குறைவாகாது.