“ஃபுல் சார்ஜ் ஏற எத்தனை மணி நேரம்?” எலெக்ட்ரிக் கார் வாங்கிய வீட்டின் முதல் மாதம்

அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஒரு வீட்டு வாசலில் புது எலெக்ட்ரிக் கார் வந்து நின்றால், எதிர்வீட்டு மாமாவில் தொடங்கி இஸ்திரி வண்டிக்காரர் வரை எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். “ஃபுல் சார்ஜ் ஏற எத்தனை மணி நேரம்?”

“பத்து மணி நேரம்” என்று உண்மையைச் சொன்னால் போச்சு. கேட்டவர் முகத்தில் ஒரு பரிதாபம் வந்துவிடும். பெட்ரோல் பங்கில் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலைக்குப் பத்து மணி நேரமா?

காரை வாங்கியவரும் முதல் இரண்டு வாரம் இதே கவலையோடுதான் படுக்கப்போகிறார். நடுராத்திரி எழுந்து மொபைல் ஆப்பில் சதவிகிதம் பார்ப்பது, பல் தேய்க்கும் முன்பே வாசலுக்குப் போய் சார்ஜரில் எரிவது பச்சையா சிவப்பா என்று எட்டிப்பார்ப்பது, 70 சதவிகிதம் இருக்கும்போதே ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஒயரைச் சொருகுவது... வீட்டில் இருப்பவர்களுக்கு இது கொஞ்ச நாள் வேடிக்கை. அப்புறம் எரிச்சல்.

இந்த ஊர்க்காரர்களுக்குப் புரிகிற கணக்கு ஒன்று உண்டு. பெட்ரோல் என்பது தண்ணீர் லாரி மாதிரி. தீர்ந்ததும் கூப்பிட வேண்டும், மொத்தமாக நிரப்ப வேண்டும். எலெக்ட்ரிக் கார் என்பது மொட்டைமாடி டேங்க் மாதிரி. அது காலியாகும் வரை யாரும் காத்திருப்பதில்லை. இன்றைக்குச் செலவானதை இன்று ராத்திரி மோட்டார் போட்டு ஏற்றிவிடுகிறோம், அவ்வளவுதான். டேங்க் அடியிலிருந்து நிரம்ப எத்தனை மணி நேரம் ஆகும் என்று எந்த வீட்டிலாவது கணக்குப் போட்டிருக்கிறார்களா?

அம்பத்தூரில் வீடு, கிண்டியில் வேலை என்று வைத்துக்கொள்வோம். போகவர ஏறக்குறைய 40 கிலோமீட்டர். சிறிய எலெக்ட்ரிக் கார் ஒரு யூனிட் மின்சாரத்தில் நகருக்குள் ஆறு, ஏழு கிலோமீட்டர் ஓடும். ஆக, ஒரு நாளுக்கு ஆறேழு யூனிட் செலவு. சாதாரண 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் மணிக்குக் கிட்டத்தட்ட மூன்று யூனிட் கொடுக்கும். சார்ஜ் ஏறும்போது வீணாகும் கொஞ்சத்தையும் சேர்த்தால் இரண்டரை, மூன்று மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ‘பத்து மணி நேரம்’ என்பது 30 யூனிட் பேட்டரியை அடிமட்டத்திலிருந்து ஏற்றும் கணக்கு. அப்படி ஒரு இரவு மாதத்தில் ஒன்று வந்தாலே அதிகம்.

2001-ல் பெங்களூரிலிருந்து வந்த ரேவா காரை நினைவிருப்பவர்கள் இருப்பார்கள். ஈய பேட்டரி, முழுதாக ஏற எட்டு மணி நேரம், ஓடுவது 80 கிலோமீட்டர். இன்றைய கார்களும் வீட்டு பிளக்கில் அதே எட்டு, பத்து மணி நேரம்தான் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் அந்த நேரத்தில் ஏறும் மின்சாரம் கொடுக்கும் தூரம் பல மடங்காகிவிட்டது.

சிவப்பு விளக்கும் ஒரு வாளித் தண்ணீரும்

இந்தப் பகுதிக்கு மின்வண்டி அந்நியமில்லை. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்களால் பெயர்பெற்ற அம்பத்தூரில் இன்று முருகப்பா குழுமத்தின் மோன்ட்ரா எலெக்ட்ரிக் ஆட்டோ தயாராகிறது. பூந்தமல்லியைத் தாண்டிப் போனால் வரும் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்துதான் 2019-ல் ஹூண்டாயின் கோனா எலெக்ட்ரிக் வந்தது. ஆனால் வண்டி தயாராகும் ஊர் என்பதற்காக வீட்டு ஒயரிங் தயாராக இருக்கும் என்று சொல்ல முடியாது.

முப்பது, நாற்பது வருடப் பழைய தனி வீடுகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. அங்கெல்லாம் கார் வந்த முதல் நாளே ஒரு சின்ன நாடகம் நடக்கும். சார்ஜரைச் சொருகினால் சிவப்பு விளக்கு எரியும், சார்ஜ் ஏறாது. கார் கெட்டுவிட்டது என்று ஷோரூமுக்கு போன் போகும். பெரும்பாலும் கார் மேல் பிழை இருக்காது, எர்த்திங்தான் காரணமாக இருக்கும். மிக்ஸியும் கிரைண்டரும் எர்த் இல்லாமலேயே ஓடிவிடும், ஷாக் அடிக்கிற நாள் வரை நமக்குத் தெரியாது. கார் சார்ஜரோ அதைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் மின்சாரத்தை உள்ளே விடும். கோடையில் எர்த் குழி வறண்டுபோயிருந்தால், ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியதும் விளக்கு பச்சையாகிவிடுவதும் உண்டு. அதோடு விட்டுவிடாமல் எலெக்ட்ரீஷியனை அழைத்துக் குழியைச் சரிசெய்வதுதான் நல்லது. பல வருடங்களாக அந்த வீட்டில் இருந்த ஓர் ஆபத்தை அந்தச் சிவப்பு விளக்கு காட்டிக்கொடுத்திருக்கிறது.

இன்னொரு விஷயத்தில் அலட்சியமே கூடாது. ‘கீசர் ஓடுகிற பிளக்தானே, கார் ஓடாதா?’ என்று கேட்பார்கள். கீசர் பத்து, பதினைந்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். கார் ஐந்தாறு மணி நேரம் நிற்காமல் இழுக்கும். தளர்ந்த பிளக், மெல்லிய ஒயர், ஜன்னல் வழியாக இழுத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் அந்த நேரத்தில்தான் சூடாகி உருகும். அதுவும் வீட்டில் எல்லோரும் தூங்குகிற நேரத்தில். மீட்டர் போர்டிலிருந்து காருக்கென்று தனி லைன், அதற்குத் தனி எம்.சி.பி., கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இவற்றுக்கு ஆகும் செலவு, காரின் சீட் கவருக்கும் ஸ்டிக்கருக்கும் கொடுக்கும் பணத்தைவிடப் பெரிதாக இருக்காது. முதல் சில நாட்கள் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும்.

எந்த நேரத்தில் போடுவது? வேலை முடிந்து வந்ததும் எட்டு மணிக்குச் சொருகுவதுதான் எல்லோருக்கும் கைவருகிறது. ஆனால் மே மாதத்தில் இரவு ஒன்பதிலிருந்து தெரு முழுக்க ஏ.சி. ஓடும். வோல்டேஜ் இறங்கும். சார்ஜ் ஏறுவது மெதுவாகும், சில சமயம் நின்றே போகும். நள்ளிரவுக்கு மேல் தொடங்கும்படி டைமர் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. சாலை வெயிலில் வெந்து வந்த பேட்டரிக்கும் ஆறுவதற்கு நேரம் கிடைக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்வாரியம் அறிவிக்கும் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையிலான மின்தடையும் இரவு சார்ஜ் போடுபவர்களைத் தொடாது.

‘இன்னும் சீக்கிரம் ஏறணும்’ என்பவர்களுக்கு 7.2 கிலோவாட் வால்பாக்ஸ் இருக்கிறது. பத்து மணி நேரம் நான்கு, ஐந்தாகச் சுருங்கும். ஆனால் அதற்குப் பெரும்பாலான வீடுகளில் மின்வாரியத்திடம் லோடு கூட்டி வாங்க வேண்டியிருக்கும். தினமும் 40 கிலோமீட்டர் ஓடுபவருக்கு அது தேவையா என்று ஒரு மாதம் ஓட்டிப் பார்த்து முடிவுசெய்யலாம். பலருக்குத் தேவைப்படாது.

பில்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் இரண்டு மாத பில்லில் 300 யூனிட்டுக்கு மேல் கூடும். முதல் 100 யூனிட் இலவசம் என்ற சந்தோஷத்தில் இருந்த வீடு, 500 யூனிட்டைத் தாண்டியதும் உயர்ந்த ஸ்லாபில் போய் விழும். முதல் பில் வந்ததும் வீட்டில் ஒரு சின்ன பட்ஜெட் கூட்டம் நடக்காமல் இருக்காது. அப்படியும் ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் அளவில்தான் நிற்கும். லிட்டர் 100 ரூபாயையொட்டி விற்கும் பெட்ரோலில், 15 கிலோமீட்டர் மைலேஜ் தரும் காருக்கு ஆறரை ரூபாய்க்கு மேல் ஆகிறது.

ஃபிளாட்டில் இருப்பவர் என்ன செய்வார்?

இதுவரை சொன்ன நிம்மதியெல்லாம் சொந்த வாசலும் சொந்த பிளக்கும் உள்ளவர்களுக்கு. ஃபிளாட்களில் கதை வேறு. கார் நிற்பது ஸ்டில்ட் பார்க்கிங்கில். அங்கே இருக்கும் ஒரே பிளக் பாயின்ட் காமன் மீட்டரில். ஒருநாள் அவசரத்துக்குச் சொருகினாலும் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ வந்துவிடும். கோபப்படுபவர்களைக் குறைசொல்லவும் முடியாது, அது எல்லோரும் சேர்ந்து கட்டும் பில்.

வழி இல்லாமல் இல்லை. வீட்டின் இருக்கிற மின் இணைப்பிலேயே காரை சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. மீட்டர் போர்டுகள் பெரும்பாலும் தரைத்தளத்தில்தான் இருக்கின்றன. அவரவர் மீட்டரிலிருந்து அவரவர் பார்க்கிங்குக்கு பைப் வழியாக ஒரு லைன் இழுத்தால் பில் சண்டைக்கு இடமில்லை. காரை புக் செய்துவிட்டு அசோசியேஷனில் கேட்பதைவிட, கேட்டுவிட்டு புக் செய்வது உத்தமம். வாடகை வீட்டில் இருந்துகொண்டு தெருவில் கார் நிறுத்துபவர்கள், மனசு எவ்வளவு ஆசைப்பட்டாலும், கொஞ்சம் பொறுப்பதே நல்லது. தினமும் வெளி சார்ஜரை நம்பி ஓட்டுவது நேரத்தையும் பணத்தையும் சேர்த்து உறிஞ்சும். வெளியில் ஒரு யூனிட்டுக்கு 20 ரூபாய்க்கு மேல் கேட்கும் இடங்களே அதிகம், அதற்கு மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி.

வெளி சார்ஜர் பழக்கம் தேவைப்படுவது நெடுந்தூரப் பயணத்தில். அங்கே புதியவர்கள் ஏமாறும் இடங்கள் இரண்டு. ‘120 கிலோவாட்’ என்று பலகையில் போட்டிருந்தாலும், 25, 30 கிலோவாட் மட்டுமே வாங்கக்கூடிய சின்ன காருக்கு அதுதான் கிடைக்கும். ஒரே மிஷினில் இரண்டு கார் சொருகினால் பல இடங்களில் மின்சாரம் பாதிப் பாதியாகப் பிரியும்.

இரண்டாவது, அந்தக் கடைசி 20 சதவிகிதம். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் காலி பஸ் வந்து நின்றால் முதல் முப்பது பேர் ஒரே நிமிடத்தில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். கடைசிப் பத்துப் பேர் இடம் தேடி, நெருக்கி, நகர்ந்து நிற்கத்தான் நேரம் ஆகும். பேட்டரியும் அப்படியே. 10-லிருந்து 80 சதவிகிதம் வரை ஒரு மணி நேரத்துக்குள் ஏறுவது, 80-லிருந்து 100-க்குப் போக ஏறக்குறைய இன்னொரு மணி நேரம் எடுத்துவிடும். பின்னால் ஒரு கார் காத்திருக்கும்போது 100 வரை உட்கார்ந்திருப்பது நியாயமும் இல்லை, லாபமும் இல்லை.

பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் போகும் குடும்பங்கள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கின்றன. முன்பு கார் நிற்கும் இடத்தில் சாப்பாடு. இப்போது சாப்பிடும் இடத்தில் சார்ஜ். ஆம்பூரில் பிரியாணி முடித்து, குழந்தைகளை பாத்ரூமுக்கு அழைத்துப்போய், தாத்தா கால் நீட்டி நடந்து திரும்பும்போது 80 சதவிகிதம் ஆகியிருக்கும். மிஷின் வேலை செய்கிறதா என்று கிளம்பும் முன்பே ஆப்பில் பார்த்து, அதற்கு முன்னால் வரும் இன்னொரு சார்ஜரையும் குறித்துவைத்துக்கொண்டால், பிரியாணி நிம்மதியாக இறங்கும்.

கடைசியாக, மழை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் கொரட்டூரும் வெள்ளத்தில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னையில் பல இடங்களில் கரன்ட் வர நாட்கள் ஆயின. ரெட் அலர்ட் வந்ததும் பால் பாக்கெட், மெழுகுவத்தி, குடிதண்ணீர் கேன் வாங்கும் பட்டியலில் இனி காரும் சேர்கிறது. அன்றைக்கு மட்டும் 100 சதவிகிதம் ஏற்றி, ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, காரை மேட்டில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். தண்ணீர் ஏறிய காரை மெக்கானிக் பார்க்கும் முன் எக்காரணம் கொண்டும் சார்ஜில் போடக் கூடாது.

சில எலெக்ட்ரிக் கார்களில் காரிலிருந்து வெளியே மின்சாரம் எடுக்கும் வசதியும் இருக்கிறது. ஒரு ஃபிரிட்ஜ், மூன்று ஃபேன், சில விளக்குகள், எல்லோருடைய செல்போன்கள் எல்லாம் சேர்த்து ஒரு நாளுக்கு ஐந்து யூனிட் போதும். முப்பது யூனிட் பேட்டரியில் பாதியை ஒதுக்கினாலே மூன்று நாள் ஓடும். தெருவே இருட்டாக இருக்கும் அந்த ராத்திரியில், ‘ஃபுல் சார்ஜ் ஏற எத்தனை மணி நேரம்?’ என்று கேட்ட எதிர்வீட்டு மாமா, செல்போனும் கையுமாக வாசலில் வந்து நிற்பார்.