குமாஸ்தாவின் மேஜை வரை

ஒரு பெரிய ஸ்தாபனத்தின் மேல்மாடி அறையில், நீண்ட மேஜையைச் சுற்றி அமர்ந்து, நாலு மணி நேரம் காரசாரமாக விவாதித்து, பகலுணவையும் அங்கேயே முடித்துக்கொண்டு, கடைசியில் ஒருமனதாக ஒரு தீர்மானத்துக்கு வந்து எழுந்திருக்கும் பெரியவர்கள், காரியம் முடிந்துவிட்டது என்ற திருப்தியோடுதான் வீட்டுக்குப் புறப்படுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. யோசிப்பதும் சிரமமான வேலைதான். அந்தச் சிரமம் தீர்ந்தவுடன் வேலையே தீர்ந்துவிட்டதாகத் தோன்றுவது மனித சுபாவம். ஆனால் அந்தத் தீர்மானம் மாடிப்படி இறங்கி, எந்த மேஜைக்குப் போய்ச் சேர வேண்டுமோ அங்கே போய்ச் சேர்ந்ததா என்று மறுநாள் விசாரிக்கிறவர்கள் அபூர்வம்.

நிர்வாகக் கலையைப் பற்றி ஏராளமாக எழுதிய பீட்டர் டிரக்கர், 1960-களில் வெளிவந்த தமது நூல் ஒன்றில் ஒரு யந்திர உற்பத்திக் கம்பெனியின் விருத்தாந்தத்தைச் சொல்லியிருக்கிறார். பழைய மாதிரி ஒன்றைக் கைவிடுவதென்றும், ஏற்கெனவே வாங்கியவர்களின் சௌகரியத்துக்காக இன்னும் மூன்று வருஷம் மட்டும் அதை விற்பதென்றும் அங்கே முடிவாயிற்று. இனிமேல் கிடைக்காதே என்ற கவலையில் வாடிக்கைக்காரர்கள் முந்திக்கொண்டு வாங்க, அதுவரை குறைந்துகொண்டே வந்த விற்பனை திடீரென்று ஏறிற்று. கொள்முதல் பகுதியில் அந்த மாதிரிக்கு வேண்டிய பாகங்களை வாங்கும் குமாஸ்தாவுக்கோ, விற்பனைக்குத் தக்க விகிதத்தில் வாங்க வேண்டும் என்ற பழைய உத்தரவு ஒன்றுதான் தெரியும். மாதிரியே நிற்கப்போகிற சமாசாரத்தை அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. விற்பனை ஏற ஏற அவரும் வாங்கிக்கொண்டே இருந்தார். உற்பத்தி நின்ற நாளில், மேலும் எட்டுப் பத்து வருஷத்துக்குக் காணும் பாகங்கள் கிடங்கில் கிடந்தன. அத்தனையும் நஷ்டக் கணக்கில் போயிற்று. அந்தக் கம்பெனியில் தமக்கு இட்ட உத்தரவைச் சிறிதும் பிசகாமல் நிறைவேற்றியவர் அவர் ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இதற்கு நேர் எதிரிடையான சம்பவம் அமெரிக்காவில் இன்டெல் கம்பெனியில் நடந்தது. 1968-ல் தொடங்கிய அந்த ஸ்தாபனத்துக்குப் பெயரும் பொருளும் தேடித் தந்தவை கணினியின் நினைவகச் சில்லுகள். ஜப்பானியப் போட்டி தாங்க முடியாமல் போகவே, 1985-ல் அதன் தலைவர்களான கார்டன் மூரும் ஆண்டி குரோவும், தங்களை நீக்கிவிட்டு வேறொருவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார் என்று யோசித்துப் பார்த்து, பிறந்த தொழிலையே விட்டுவிடுவதென்று மிகுந்த மனவேதனையோடு முடிவு செய்தார்கள். ஆனால் தொழிற்சாலைகளில் சிலிக்கன் தகடுகளை எந்தச் சரக்குக்கு ஒதுக்குவது என்பதற்கு, எதில் தகடு ஒன்றுக்கு லாபம் அதிகமோ அதற்கே முதலிடம் என்ற விதி ஒன்று வெகுகாலமாக இருந்துவந்தது. நடுத்தர உத்தியோகஸ்தர்கள் அதைக் கடைப்பிடித்து, நினைவகத்தின் பங்கைச் சிறிது சிறிதாகக் குறைத்து, நுண்செயலிகளுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். தலைவர்கள் வாய் திறந்து சொல்வதற்கு முன்பே அந்த விதி காரியத்தைப் பெரும்பாலும் முடித்துவிட்டிருந்தது.

ஆகவே, ஒரு தலைவர் தமது தீர்மானத்தைச் செயலாக்க விரும்பினால், கீழே தினசரி வேலையை நடத்திவைக்கும் விதியை அவர் தொட்டாக வேண்டும். பிரசங்கமும் சுற்றறிக்கையும் சுவரில் ஒட்டும் வாசகங்களும் அந்த விதிக்கு முன்னால் நிற்பதில்லை. இதை நன்றாக அறிந்தவர், 1987-ல் அல்கோவா என்ற அலுமினியக் கம்பெனியின் தலைமையை ஏற்ற பால் ஓ'நீல். நியூயார்க்கில் முதலீட்டாளர்களை முதன்முதலாகச் சந்தித்தபோது, லாபத்தைப் பற்றிப் பேசுவார் என்று காத்திருந்தவர்களிடம், தொழிலாளி ஒருவருக்கும் காயம் படாத கம்பெனியாக அதை ஆக்கப்போவதாகச் சொன்னார். அந்த மண்டபத்தில் ஆபத்துக் காலத்தில் வெளியேறும் வழி எங்கே இருக்கிறது என்பதையும் காட்டினார். கேட்டவர்களில் சிலர் பங்குகளை விற்றுவிடத் துடித்தார்களாம்.

இது வெறும் நல்லெண்ணமாகவே நின்றிருக்கக்கூடும். நிற்காததற்குக் காரணம், அதோடு சேர்ந்து வந்த ஒரு சிறிய விதி. எங்கே யாருக்குக் காயம் பட்டாலும், அந்தப் பிரிவின் தலைவர் 24 மணி நேரத்துக்குள், அது மறுபடி நேராமல் இருக்க என்ன வழி என்ற திட்டத்தோடு, ஓ'நீலுக்குத் தெரிவித்தாக வேண்டும். பிரிவுத் தலைவருக்கு அந்தக் கெடு தப்பாமல் இருக்க வேண்டுமானால், அவருக்குக் கீழிருப்பவர் உடனே சொல்ல வேண்டும்; அவருக்கு ஆலை மேற்பார்வையாளரும், மேற்பார்வையாளருக்கு உலைக்கருகில் நிற்கும் தொழிலாளியும் சொல்ல வேண்டும்; பரிகாரம் என்னவென்றும் அந்தத் தொழிலாளியைத்தான் கேட்க வேண்டும். எத்தனையோ வருஷமாக மேலிருந்து கீழே மட்டும் பாய்ந்துகொண்டிருந்த பேச்சு, இந்த ஒரு நிர்ப்பந்தத்தால் கீழிருந்து மேலேயும் ஏறத் தொடங்கிற்று. வாய் திறந்த தொழிலாளிகள் காயத்தைப் பற்றி மட்டுமா பேசுவார்கள்? யந்திரத்தை இப்படி மாற்றி வைத்தால் வேலை சுருங்கும், இந்த இடத்தில் சரக்கு வீணாகிறது என்று, வெகுநாளாக மனத்திலேயே வைத்திருந்த யோசனைகளையும் கொண்டுவந்தார்கள்.

எல்லாம் முதல் நாளே சீராகிவிடவில்லை. அவர் பதவியேற்று ஆறு மாதம் ஆவதற்குள், அரிஸோனா ஆலையில், நின்றுபோன யந்திரத்தைச் சரிசெய்வதற்காகத் தடுப்புச் சுவரைத் தாண்டி உள்ளே குதித்த இளம் தொழிலாளி ஒருவர், யந்திரம் சட்டென்று இயங்கியதால் அடிபட்டு இறந்துபோனார். மேற்பார்வையாளர்கள் இருவர் பார்த்துக்கொண்டிருந்தும் தடுக்கவில்லை. தடுப்பது தங்கள் பொறுப்பு என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. டிரக்கரின் குமாஸ்தா இங்கே வேறு வேஷத்தில் வந்து நிற்கிறார் அல்லவா? ஓ'நீல் அதிகாரிகளைக் கூட்டி, அந்த மரணத்துக்குத் தாமும் அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும்தான் காரணம் என்று சொன்னார். ஒரு வாரத்துக்குள் ஆலைகளின் தடுப்புகளுக்கெல்லாம் மஞ்சள் வர்ணம் பூசினார்கள். புதிய விதிகளும் எழுதப்பட்டன.

காயத்தால் வேலை நாள் இழந்தவர்களின் விகிதம், அவர் வந்தபோது நூறு பேருக்கு 1.86, அவர் விலகும் காலத்தில் 0.2 என்ற அளவுக்கு இறங்கியிருந்தது. கம்பெனியின் வருமானமோ ஐந்து மடங்காயிற்று. அலுமினியத்தின் விலையும் காலத்தின் அனுகூலமும் அதில் எவ்வளவு பங்கு பெற்றன என்று கேட்பவர்களை நான் மறுக்கமாட்டேன். விதியின் தர்மம் சோதனைக்கு வந்தது லாபக் கணக்கில் அல்ல, வேறோர் இடத்தில் என்பதே என் அபிப்பிராயம்.

அது 1996. மெக்ஸிகோவில் இருந்த ஆலை ஒன்றில் விஷவாயுவால் தொழிலாளிகள் சிலர் மயங்கி விழுந்ததைக் கன்னிகாஸ்திரீ ஒருவர் பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து சொன்னார். விசாரித்தபோது, அந்தப் பிரிவின் தலைவர் காற்றோட்டத்துக்கு ஏற்பாடு செய்து, சில நாளில் கோளாற்றைச் சரிப்படுத்தியும்விட்டார் என்று தெரிந்தது. வெகுகாலம் உழைத்தவர், விற்பனையைப் பெருக்கியவர், எல்லோருடைய மதிப்பையும் பெற்றவர். அவர் செய்யாதது ஒன்றே: மேலே தெரிவிக்கவில்லை. அறிக்கை வந்த இரண்டு நாளில் அவர் வேலையை விட்டுப் போக நேர்ந்தது. இவ்வளவு பெரிய உத்தியோகஸ்தரை இதற்காகவா அனுப்புவார்கள் என்று வெளியிலிருந்தவர்கள் திகைத்தார்கள். கம்பெனிக்குள் இருந்தவர்கள் அவ்வளவாகத் திகைக்கவில்லை.