குப்பைக்கும் ஒரு வரவு செலவு

விடியற்காலையில் வீதியில் ஓர் ஊதல் ஒலி கேட்கிறது. வாசலில் கோலமிட்டுக்கொண்டிருந்த பெண்மணி எழுந்து உள்ளே செல்கிறார். இரண்டு வாளிகளோடு திரும்புகிறார். தூய்மைப் பணியாளர் அவற்றை வாங்கி வண்டியில் கவிழ்த்துக்கொண்டு அடுத்த வீட்டை நோக்கி நகர்கிறார். கடலூரில் மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும், சிதம்பரத்தில் தேர் வீதிகளை அடுத்த தெருக்களிலும் நாம் காணும் காட்சி இது. அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஆயினும் அந்த அரை நிமிடத்துக்கு முன்னும் பின்னும் நீண்டதொரு கணக்கு இருக்கிறது. அதை நாம் அறிய முற்படுவதில்லை. அறியாத காரணத்தால், கட்டணச் சீட்டு கைக்கு வரும்போது மட்டும் நமக்குக் கோபம் வருகிறது.

"வீட்டு வரி செலுத்துகிறோமே, குப்பைக்கு வேறு தனிக் கட்டணம் எதற்கு?" என்று பலர் கேட்கின்றனர். இது புறக்கணிக்கத்தக்க கேள்வி அன்று. தம் பணம் எவ்வழியில் செல்கிறது என்று கேட்பது குடிமகனின் உரிமை. அந்தக் கேள்விக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

நகராட்சி என்பது நமக்குப் புதியதன்று. கடலூர் 1866ஆம் ஆண்டிலும் சிதம்பரம் 1873ஆம் ஆண்டிலும் நகராட்சிகளாக அமைந்தன. கடலூர் 2021இல் மாநகராட்சியாக உயர்ந்தது. தொடக்கந்தொட்டே நகராட்சிகளின் முதற் கடமைகளுள் ஒன்று தெருக்களைத் தூய்மையாக வைத்திருப்பது. ஆனால் அந்நாளையக் குப்பை வேறு. இந்நாளையக் குப்பை வேறு. அன்று வாழையிலையும் சாம்பலும் மாட்டுச் சாணமும் குப்பைக்குழியில் சேர்ந்து, ஆண்டு முடிவில் வயலுக்கு எருவாயின. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பவர் தெருவோடு வந்தார். மிஞ்சியது மிகச் சிறிது. இன்றோ நெகிழிப் பையும், கண்ணாடிச் சில்லும், பழைய மின்கலமும், குழந்தையின் அணையாடையும் ஒரே வாளியில் கலந்து கிடக்கின்றன. மண் இவற்றை ஏற்க மறுக்கிறது. ஆகவே மனிதர் கை வைத்துப் பிரிக்க வேண்டியதாகிறது. கை வைத்தால் கூலி உண்டு. செலவின் தொடக்கம் இங்கேதான்.

நல்லரசின் இலக்கணம் கூற வந்த திருவள்ளுவர், பொருள் வரும் வழியை உண்டாக்குவது, அதைச் சேர்ப்பது, சேர்த்ததைக் காப்பது, காத்ததை முறையாகப் பங்கிடுவது என நான்கு செயல்களைச் சொன்னார். பேரரசுக்குச் சொன்ன அந்த நான்கும் நம் ஊர் நகராட்சிக்கும் பொருந்தும். அவ்வரிசையிலேயே குப்பைக் கணக்கைப் பார்ப்போம்.

முதலாவது, பொருள் வரும் வழி. நகராட்சிக்குச் சொந்த வருவாயில் தலையாயது சொத்து வரி. இது கட்டடத்தின் பரப்பு, இருக்கும் பகுதி, பயன்படும் வகை ஆகியவற்றைக் கொண்டு கணிக்கப்படுவது. தமிழகத்தில் 2022ஆம் ஆண்டு இது உயர்த்தப்பட்டது. சென்னை நீங்கலான நகரங்களில் 600 சதுர அடிக்குள் அமைந்த வீடுகளுக்கு 25 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 விழுக்காடும் உயர்வு என விகிதம் வகுக்கப்பட்டது. சிறிய வீட்டுக்குச் சிறிய சுமை, பெரிய வீட்டுக்குப் பெரிய சுமை என்பது இதன் அடிப்படை. இதனோடு தொழில் வரி, கடை வாடகை, மாநில அரசு தன் வரி வருவாயிலிருந்து பகிர்ந்தளிக்கும் பங்கு, மத்திய நிதிக்குழுவின் மானியம் ஆகியவையும் சேர்கின்றன. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குப் பதினைந்தாம் நிதிக்குழு பரிந்துரைத்த மானியத்தில், பத்து லட்சத்துக்கும் குறைந்த மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு 30 விழுக்காடு துப்புரவுக்கும் திடக்கழிவு மேலாண்மைக்கும் என்றே ஒதுக்கப்பட்டது.

இவற்றுக்கு மேல் வருவதுதான் சேவைக் கட்டணம். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை உண்டாக்கும் ஒவ்வொருவரும் அதற்குரிய கட்டணத்தைச் செலுத்த வேண்டும் என்று விதித்தன. வரிக்கும் கட்டணத்துக்கும் வேறுபாடு உண்டு. வரி பொதுவானது. தெருவைப் பெருக்குவதும், கால்வாயைத் தூர் வாருவதும், விளக்கு எரிப்பதும் எல்லார்க்கும் பொதுவான பணிகள். அவற்றில் இன்னாருக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்க இயலாது. ஆனால் நம் வீட்டு வாசலுக்கே வந்து நம் வாளியை வாங்கிச் செல்வது நமக்கென்று செய்யப்படும் பணி. குழாய்நீருக்குத் தனியே கட்டணம் செலுத்துவது போன்றதே இதுவும். ஒரு சிறு வீட்டுக்கும் ஒரு திருமண மண்டபத்துக்கும் ஒரே கட்டணம் ஆகாது என்பதும் இதிலிருந்து விளங்கும். நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் விடுதிகளையும் நிறுவனங்களையும் அவ்விதிகள் தனி வகையாகப் பிரித்து, கூடுதல் பொறுப்புச் சுமத்தின.

சிதம்பரத்துக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் வெளியூர்களிலிருந்து பெருந்திரளாக மக்கள் வருகின்றனர். அவர்கள் விட்டுச் செல்லும் இலையும் குவளையும் நீர்ப்புட்டியும் நகராட்சியின் பொறுப்பாகின்றன. பொது வழிபாட்டுக்குரிய இடங்களுக்குச் சொத்து வரி விலக்கு உண்டு. வந்து செல்லும் அடியார்களோ இவ்வூரில் வரி செலுத்துவோர் அல்லர். பல்கலைக்கழகம் அமைந்த அண்ணாமலைநகர் தனிப் பேரூராட்சி. அங்குள்ள வீடுகளின் வரி அந்தப் பேரூராட்சிக்கே உரியது. அங்கு வாழ்வோர் வாங்குவதும் உண்பதும் பல நேரம் சிதம்பரத்துக் கடைகளில். ஆகவே 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 62,000 பேருக்குச் சற்று மேற்பட்டோர் வாழ்ந்த ஊர், அதைவிடப் பெரிய கூட்டத்தின் குப்பையைச் சுமக்கிறது. இந்தச் சுமையை உள்ளூர் வீட்டுக்காரர் மட்டுமே தாங்குவது நியாயமா என்பது சிந்திக்கத்தக்கது. விழாக் காலத்தில் கடை போடுவோரிடமும் ஊர்தி நிறுத்துவோரிடமும் பெறும் கட்டணத்தில் ஒரு பங்கைக் குப்பைக்கென்றே ஒதுக்குவது இதற்கு ஒரு வழி.

இரண்டாவது, சேர்த்தல். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றோர் அரையாண்டு எனச் சொத்து வரி தண்டப்படுகிறது. 2023இல் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகளின்படி, அரையாண்டின் முதல் மாதத்துக்குள் செலுத்துவோருக்கு 5 விழுக்காடு, 5,000 ரூபாய்க்கு மிகாமல், ஊக்கத்தொகை உண்டு. பல நகரங்களில் குப்பைக் கட்டணத்தையும் இதனோடு சேர்த்தே பெறுகின்றனர்.

ஒரு கணக்குக்காக, 300 வீடுகள் கொண்ட ஒரு பகுதியை எண்ணிப் பார்ப்போம். வீட்டுக்கு மாதம் 30 ரூபாய் எனக் கொண்டால் 9,000 ரூபாய் சேரும். ஒரு பணியாளருக்கு நாட்கூலி 500 ரூபாய் என வைத்து, 26 நாளைக்குக் கணக்கிட்டால் 13,000 ரூபாய் ஆகிறது. எல்லாரும் தவறாது செலுத்தினாலும் ஒருவருடைய கூலிக்கே அது போதவில்லை. பாதிப் பேர் செலுத்தாவிட்டால் 4,500 ரூபாய்தான் மிஞ்சும். வண்டி, அதன் பழுது, மின்சாரம், உரக்கூடம், கையுறை, காலணி ஆகியவற்றை நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. கட்டணம் ஒன்றே குப்பைச் செலவை முழுவதும் ஈடு செய்துவிடும் என்பது மயக்கம். கட்டணமே வேண்டாம், வரியே போதும் என்பதும் மயக்கம். இரண்டும் சேர்ந்தே வண்டியை இழுக்க வேண்டும்.

கட்டணம் என்ற சொல்லுக்கே மக்கள் அஞ்சுவதும் உண்டு. சென்னை மாநகராட்சி வீடுகளுக்கு மாதம் 10 ரூபாய் முதல் 100 ரூபாய் வரை என வகுத்து 2021 ஜனவரி முதல் தண்ட முற்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. புனேயிலோ வேறு வழி கண்டனர். அங்கே குப்பை பொறுக்கிப் பிழைத்து வந்த மக்கள் 2007இல் 'சுவச்' என்னும் கூட்டுறவாக இணைந்தனர். அவர்களே வீடு வீடாகச் சென்று குப்பையைப் பெறுகின்றனர். அவர்களே மாதக் கட்டணத்தையும் வாங்குகின்றனர். மக்காத பொருள்களை விற்ற பணமும் அவர்களுக்கே உரியது. கொடுக்கும் பணம் யார் கைக்குப் போகிறது என்பதை வீட்டார் கண்ணாலேயே காண்கின்றனர்.

மூன்றாவது, காத்தல். இதுவே பலரும் கவனியாத பகுதி. தமிழக நகராட்சிகளின் கணக்கில் குடிநீருக்கும் வடிகாலுக்கும் ஒரு தனி நிதி உண்டு. தொடக்கக் கல்விக்கும் ஒரு தனி நிதி உண்டு. குப்பைச் செலவோ பெரும்பாலும் பொது நிதியிலிருந்தே நடைபெறுகிறது. குப்பைக்கென்று வாங்கிய பணம் பொதுப் பெட்டியில் கலந்துவிட்டால், அது குப்பைக்கே செலவாயிற்று என்று யார் சொல்ல இயலும்? இவ்வளவு வந்தது, இவ்வளவு செலவாயிற்று, இவ்வளவு பற்றாக்குறை என்று ஆண்டுக்கொருமுறை ஒவ்வொரு வார்டிலும் ஒரு தாளில் எழுதி ஒட்டினால், மக்களின் ஐயத்தில் பாதி தீரும். மறைத்த கணக்குக்குத் தண்டலும் குறையும்.

நான்காவது, பங்கிடுதல். ஒருவர் நாளொன்றுக்கு 300 கிராம் குப்பை உண்டாக்குகிறார் எனக் கொள்வோம். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகையை வைத்தே பார்த்தாலும் சிதம்பரத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 19 டன்னும், கடலூரில் ஏறக்குறைய 52 டன்னும் சேரும். இதைத் திரட்டுவதிலும் ஏற்றிச் செல்வதிலுமே பணத்தின் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. பிரித்து உரமாக்கவும் மீண்டும் பயன்படுத்தவும் மிஞ்சுவது சிறிது. அந்தச் சிறிதும் கலந்த குப்பையால் வீணாகிறது.

குப்பையில் ஏறக்குறைய பாதி, மக்கும் இயல்புடையது. தனியாகக் கிடைத்தால் அது நுண் உரக்கூடத்தில் சில வாரங்களில் எருவாகும். அட்டையும் இரும்பும் நெகிழியும் தனியாகக் கிடைத்தால் காயலான் கடைக்காரர் பணம் கொடுத்து வாங்குவார். குழம்பும் சோறும் படிந்த அதே அட்டையை எவரும் தொடமாட்டார். வீட்டு வாசலில் பிரித்தால் பொருள். தெருமுனையில் கலந்தால் சுமை. 2016ஆம் ஆண்டின் விதிகள் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொன்னதும், அவற்றுக்குப் பின் 2026இல் வந்த விதிகள் அதனை நான்காக்கியதும் இதனாலேயே. பிரித்துக் கொடுக்கும் வீட்டார் தம் கட்டணத்தைவிட மதிப்புள்ள உதவியை நகராட்சிக்குச் செய்கின்றனர்.

பிரிக்காத குப்பை எங்கே போகிறது? கிடங்குக்குப் போகிறது. கடலூரில் கெடிலத்தின் கரையை ஒட்டிய கம்மியம்பேட்டையில் நெடுங்காலம் குப்பை குவிக்கப்பட்டு வந்தது. ஆற்றங்கரையில் குவியும் குப்பை, மழைக்காலத்தில் அங்கேயே இருக்கும் என்று எண்ணுவதற்கில்லை. தென்பெண்ணையும் கெடிலமும் கடலோடு கலக்கும் இவ்வூர், 2015ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தையும் 2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருகியதையும் கண்டது. நெகிழியால் அடைபட்ட கால்வாய் வெள்ளத்தை வீட்டுக்குள் திருப்பிவிடும். முதலில் நீர் புகுவது தாழ்வான இடத்திலுள்ள ஏழையின் வீட்டில். பழைய மேட்டை அகழ்ந்து, சலித்து, மண்ணைத் தனியே நெகிழியைத் தனியே பிரிக்கும் பணிக்கு இன்று பல நகரங்கள் பெரும் பணம் செலவிடுகின்றன. அது வேறொன்றுமன்று, அன்று செலுத்தாத கட்டணத்தை இன்று வட்டியோடு செலுத்துவதே ஆகும்.

தயாரிப்பாளருக்கும் இதில் பங்கு உண்டு என்பதை மறத்தலாகாது. நெகிழியில் பொதிந்து விற்போர் அதைத் திரும்பப் பெறும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என 2022ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிமுறைகள் கூறின. அதே ஆண்டில் நீலகிரி மாவட்டத்தில், மதுப்புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாகப் பெற்று, வெறும்புட்டியைத் திருப்பித் தரும்போது அதைக் கொடுத்துவிடும் முறை தொடங்கப்பட்டது. பொருளின் விலையிலேயே அதன் குப்பைக்குரிய செலவும் அடங்கிவிட்டால், வீட்டாரின் சுமை அவ்வளவுக்குக் குறையும்.

இனி, தொடக்கத்தில் கண்ட அந்தக் காட்சிக்கே திரும்புவோம். நாம் கவிழ்த்த வாளியை அடுத்த தெருவில் ஒருவர் கையால் கிளறுகிறார். உடைந்த கண்ணாடியும் ஊசியும் சோற்றோடு கலந்திருந்தால் குருதி சிந்துவது அவர் கை. நாம் கொடுக்கும் கட்டணத்தில் அவருடைய கூலி இருக்கிறது. ஆனால் அந்தக் காயத்துக்கு ஈடு எந்தக் கட்டணத்திலும் இல்லை. கணக்கைக் கேட்பது நம் உரிமை. கட்டணத்தைச் செலுத்துவது நம் கடமை. கண்ணாடிச் சில்லை ஒரு தாளில் சுற்றித் தனியே வைப்பதற்கோ செலவே இல்லை. நாளைக் காலை ஊதல் ஒலி கேட்கும்போது, அதிலிருந்தே நாம் தொடங்கலாம்.