அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் ஒரு தனிக் கடிதம்

மகாசபைக் கூட்டம் நெருங்குந்தோறும் நமது சங்கக் காரியாலயங்களில் ஒரு தொல்லை எழுவதுண்டு. பங்குத் தொகை, சேமிப்பு, கடன் பாக்கி ஆகிய கணக்கை அங்கத்தினருக்குத் தனித்தனியே தெரிவித்தல் வேண்டும். முன்னாளில் குமாஸ்தா இரவெல்லாம் விழித்துத் தபால் கார்டு எழுதினார். இன்று சின்னாளபட்டித் தறிக்காரர் வீட்டிலும் ஒட்டன்சத்திரத்துக் காய்கறித் தோட்டத்திலும் மின்னஞ்சல் முகவரி உடையோர் இருக்கின்றனர்.

ஆயினும், எல்லா முகவரிகளையும் ஒன்றாகக் கோத்து ஒரே கடிதம் விடுத்தல் தகாது. 1978 மே 3ஆம் நாள் அமெரிக்காவில் கேரி தூர்க் என்பார் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரக் கடிதத்தை அனுப்பியபோது, முகவரிகள் தலைப்பில் அடங்காமல் கடிதத்துக்குள்ளேயே வழிந்தன. பெற்றவர்கள் சினந்தனர்.

இதற்கு 'மெயில்மெர்ஜ்' என்றோர் இலவச நிரல் உண்டு. பைத்தான் மொழியில் ஆனது. கட்டளையைத் தட்டச்சிட்டு இயக்குவது. கடித மாதிரி ஒன்று, அங்கத்தினர் பட்டியல் ஒன்று, அஞ்சல் வழங்கியின் விவரம் ஒன்று என மூன்று கோப்புகளே அது கேட்பது. மாதிரியில் பெயரும் தொகையும் வரவேண்டிய இடங்களில் இரட்டை நெளிவு அடைப்புக்குள் பட்டியலின் தலைப்பை இட்டுவிட்டால், பட்டியலின் ஒரு வரிக்கு ஒரு கடிதம் உருவாகும். நமக்கு மிகவும் பிடித்த குணம் யாதெனில், வெறுமனே இயக்கினால் அது எதையும் அனுப்புவதில்லை. முதற் கடிதத்தை மட்டும் திரையில் காட்டி நின்றுவிடும். ஒத்திகை வேண்டாம், வரம்பும் வேண்டாம் என்று கட்டளையில் தனியே சேர்த்தால்தான் அனைத்தும் புறப்படும். அவசரக்காரருக்கு நல்ல கடிவாளம்!

ஆபத்து நிரலில் இல்லை, பட்டியலில் இருக்கிறது. நாமறிந்த ஒரு சங்கத்தில் பெயர்ப் பத்தியை மட்டும் அகரவரிசைப்படுத்தி, மற்றப் பத்திகளை அப்படியே விட்டுவிட்டனர். ஒருவரின் கடன் பாக்கி மற்றொருவர் பெயரில் ஏறியது. ஒத்திகையில் அது தென்பட்டதால் மானம் பிழைத்தது. கடன் என்பது குடும்பத்தின் அந்தரங்கமன்றோ! எக்ஸெலில் சேமிக்கும்போது 'யுடிஎஃப் 8' வகையைத் தேர்ந்தெடுக்காவிடில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும். நீண்ட கணக்கு எண்களை எழுத்து வடிவில் வைக்காவிடில் 15 இலக்கங்களுக்கு அப்பால் யாவும் பூஜ்யமாகிவிடும்.

சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து நாளொன்றுக்கு 500 பேருக்கு மேல் அனுப்பவியலாது. பெரிய சங்கங்கள் இரண்டு மூன்று நாட்களாகப் பகுத்துக்கொள்க. வழக்கமான கடவுச்சொல்லும் செல்லாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை ஏற்படுத்தி, செயலிக்கெனத் தனிக் கடவுச்சொல் பெறல் வேண்டும். மகாசபை அறிவிப்பை உபவிதி கூறும் முறையிலேயே விடுத்தல் வேண்டும் என்பதையும் காரியதரிசிகள் மறவாதிருப்பாராக.

முதலில் காரியதரிசி, தலைவர், கணக்கர் மூவருக்கும் அனுப்பி, பேரேட்டோடு ஒப்பிட்டு, பின்னரே மற்றவர்க்கு விடுத்தல் நலம். முகவரியற்ற அங்கத்தினருக்கு அதே பட்டியலிலிருந்து கார்டு அச்சிட்டுக்கொள்ளலாம். தபால் செலவும் அவர்கள் அளவோடு நிற்கும்.