சிறு வண்டியில் பெரிய எஞ்சின்

பெங்களூரு நகரில் அல்சூர் ஏரியை அடுத்துள்ள ஜோகுபாளையம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட நூற்றுக்கு எட்டுப் பங்கு குறைவு. பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். ஆதலின் சென்னையில் 80 குதிரைத்திறன் தரும் சாதாரண எஞ்சின், ஜோகுபாளையத்தில் ஏறத்தாழ 73 குதிரைத்திறனே தரும். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்திலோ அது 64 அளவிற்குக் குறைந்துவிடும்.

காட்டுப் பாதைகளிலும் மலைச்சரிவுகளிலும் செல்ல, நான்கு சக்கரங்களாலும் உந்தப்படும் சிறு வண்டிகளைப் பயன்படுத்துவோர் இக்குறையை நன்கு உணர்வர். இதைவிடப் பெரிய எஞ்சினையும், கியர் தானாகவே மாறும் அமைப்பையும் இவ்வண்டியில் பொருத்தலாகாதா என்ற எண்ணம் அவர்களுக்கு எழுவது இயல்பே. இம்மாற்றத்தால் விளைவது யாது என்பதை இங்கே ஆராய்வோம்.

தொழிற்சாலை காட்டிய வழி

இந்திய இராணுவமும் வனத்துறைகளும் நெடுங்காலம் பயன்படுத்திய மாருதி ஜிப்சி வண்டியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1985-இல் அது வெளிவந்தபோது அதன் எஞ்சினின் கொள்ளளவு 970 கன சென்டிமீட்டர். திறன் 45 குதிரைத்திறன். முன்னோக்கிய கியர்கள் நான்கு. 1993-இல் இடப்புற, வலப்புறச் சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 90 மில்லிமீட்டர் கூட்டப்பட்டது. 1996-இல் 1,298 கன சென்டிமீட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டுத் திறன் 60 ஆக உயர்ந்தது. அப்பொழுது எஞ்சின் மட்டும் மாறவில்லை. ஐந்து கியர்கள் கொண்ட புதிய கியர்ப் பெட்டி சேர்க்கப்பட்டது. உயரமான எஞ்சினுக்கு இடமளிக்க அதன் மூடியும் மேலே புடைத்தவாறு அமைக்கப்பட்டது. 2000-இல் பதினாறு வால்வுகளும் பெட்ரோலைப் பீச்சும் முறையும் வந்தபோது திறன் 80-ஐ எட்டியது.

அதன் வழித்தோன்றலான ஜிம்னி 2023-இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. அதன் எஞ்சின் 1,462 கன சென்டிமீட்டர் கொண்டது. நான்கு கியர்கள் தாமே மாறும் அமைப்பும் அதில் கிடைக்கிறது. ஆசிரியர்கள் மாணவர்க்குக் காட்டத்தக்க செய்தி ஒன்று இங்குண்டு. 1,298, 1,462 ஆகிய இரு எஞ்சின்களிலும் சிலிண்டரின் விட்டம் 74 மில்லிமீட்டரே. பிஸ்டன் செல்லும் தொலைவு மட்டும் 75.5-இலிருந்து 85 மில்லிமீட்டராகக் கூடியுள்ளது. உருளையின் கன அளவைக் கண்டு நான்கால் பெருக்கினால் இரண்டு எண்களும் கிடைக்கும்.

ஆகவே, பெரிய எஞ்சினும் தானியங்கிக் கியரும் கொண்ட சிறு வண்டி இயலாததன்று. ஆனால் அதை அடையத் தொழிற்சாலை முப்பத்தெட்டு ஆண்டுகளில் படிப்படியாக வண்டி முழுவதையும் மாற்றியது. பட்டறையில் எஞ்சினை மட்டும் மாற்றுவோர் இதையே மறந்துவிடுகின்றனர்.

சங்கிலியின் மெலிந்த கண்ணி

எஞ்சினில் பிறக்கும் முறுக்குவிசை கியர்ப் பெட்டி, இடைமாற்றுப் பெட்டி, நீள்தண்டு, டிபரென்ஷியல், அச்சுத்தண்டு ஆகியவற்றின் வழியே சக்கரத்தை அடைகிறது. மிகக் குறைந்த கியரில் இது ஏறத்தாழ முப்பது மடங்காகப் பெருகுவதாகக் கொள்வோம். 103 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சினுக்கு மாற்றாக 134 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சினை வைத்தால், எஞ்சினில் கூடுவது 31. சக்கரங்களின் பக்கம் கூடுவதோ 930. ஈர மண்ணில் சக்கரம் வழுக்கிச் சுழல்வதால் தண்டு தப்பிவிடும். பாறை இடுக்கில் சக்கரம் சிக்கி நிற்கும்போது முழுச் சுமையும் தண்டின்மேல் விழ, அது முறியும். ஊரிலிருந்து வெகுதொலைவில் தனித்து நிற்கும் களப்பணியாளருக்கு இது சிறு இடரன்று.

வேகம் கூடுமாயின் பிரேக்கின் பொறுப்பும் கூடும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டியை நிறுத்த வேண்டிய ஆற்றலைவிட, 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அதே வண்டிக்கு ஒன்றரை மடங்கிற்கும் அதிகமான ஆற்றலைப் பிரேக்குகள் வெப்பமாக மாற்ற வேண்டும்.

தானியங்கிக் கியரின் இயல்பு

இவ்வமைப்பில் கிளட்சுக்கு மாறாக எண்ணெய் நிறைந்த மாற்றி ஒன்று உள்ளது. எஞ்சினால் சுழலும் இறக்கைகள் எண்ணெயை எதிரிலுள்ள இறக்கைகளின்மேல் வீச, அவை சுழல்கின்றன. இடையிலுள்ள மூன்றாவது இறக்கைத் தொகுதி திரும்பிவரும் எண்ணெயைத் திசைமாற்றி அனுப்புவதால், வண்டி புறப்படும் வேளையில் முறுக்குவிசை ஏறத்தாழ இருமடங்காகிறது. மேடான இடத்தில் வண்டியைப் பின்னே சரியவிடாமல் மெல்ல நகர்த்த இது பெரிதும் உதவும்.

இதற்கு விலை வெப்பம். சக்கரம் அசையாதிருக்க எஞ்சின் 20 கிலோவாட் தருமானால், அத்தனையும் எண்ணெயைச் சூடாக்கவே செலவாகும். ஐந்து லிட்டர் எண்ணெயின் வெப்பநிலை வினாடிக்கு இரண்டு பாகைக்கு மேல் ஏறும். அரை நிமிடத்தில் அறுபது, எழுபது பாகை கூடிவிடும். எனவே எண்ணெயைக் குளிர்விக்கத் தனி அமைப்பு இன்றியமையாதது. சிறு வண்டியின் முகப்பிலோ, பெரிய ரேடியேட்டருக்கே இடம் போதாது. மேலும், தானியங்கிப் பெட்டியின் நீளம் வேறுபடுவதால் நீள்தண்டுகளின் நீளத்தையும் சாய்வுக் கோணத்தையும் திருத்த வேண்டும். இக்காலத்துப் பெட்டிகள் எஞ்சினின் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவியுடன் செய்தி பரிமாறியே இயங்குவதால், இரண்டையும் இணையாகக் கொணர்ந்தாலன்றிக் கியர் ஒழுங்காக மாறாது.

சட்டம் கூறுவது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று மாறுபடுமாறு வண்டியை மாற்றுதல் கூடாது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில், உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. 2019-இல் சேர்க்கப்பட்ட 182-அ பிரிவு, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. ஆகவே, பொதுச் சாலையில் ஓடும் வண்டியில் வேறு கொள்ளளவு கொண்ட எஞ்சினைப் பொருத்த விழைவோர், பட்டறையை நாடுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை நாடுதல் நன்று.

உண்மையில் குறைவது எது?

1,200 கிலோகிராம் எடையுள்ள வண்டி, மூன்று மீட்டர் சென்றால் ஒரு மீட்டர் உயரும் செங்குத்தான பாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதாகக் கொள்வோம். எடையைத் தூக்குவதற்கு மட்டும் வேண்டுவது ஏறத்தாழ 15 குதிரைத்திறன். மண்ணின் தடையையும் கியர்களின் உராய்வையும் சேர்த்தாலும் 25-ஐத் தாண்டுவது அரிது. 1985-ஆம் ஆண்டின் 45 குதிரைத்திறன் எஞ்சினே, உதகையின் உயரத்திலும்கூட, இதற்குப் போதும்.

இதனின்று விளங்குவது யாதெனில், நெடுஞ்சாலையில் விரையவும் மலைச்சாலையில் முந்திச் செல்லவுமே பெரிய எஞ்சின் தேவைப்படுகிறது. கரடுமுரடான சரிவில் ஏறுவதற்கு வேண்டுவது சக்கரத்தில் மெதுவான, வலிய முறுக்கு. அதைத் தரும் நெம்புகோல் ஓட்டுநரின் கைக்கு அருகிலேயே உள்ளது. இடைமாற்றுப் பெட்டியைத் தாழ்ந்த கியரில் இடுதல், தளர்ந்த மண்ணில் டயரின் காற்றைச் சற்றுக் குறைத்துத் திரும்பும்போது மீண்டும் நிரப்புதல், காற்று வடிகட்டியைத் தூய்மையாக வைத்தல், கிளட்சைத் தேயவிடாது காத்தல் ஆகியவை செலவில்லாதவை அல்லது சிறுசெலவில் முடிபவை. வண்டி ஏற மறுக்கும்போது எஞ்சினைக் குறைகூறுமுன் இவற்றைச் சரிபார்ப்பது களப்பணியாளரின் முதற்கடமையாகும்.