சோளிங்கர் குதிரையும் சியால்கோட் டாங்கியும்!

செமஸ்டர் லீவு விட்டதும் ஏலகிரியா, மகாபலிபுரமான்னு பிளான் போடுற காஞ்சிபுரம் காலேஜ் பார்ட்டியா நீங்க? அப்போ ஒருநாள் பைக்கை புள்ளலூர் பக்கம் திருப்புங்க பாஸ். அங்கே ரெண்டு நினைவுத் தூண் நிற்கும். 1781 ஆகஸ்ட் 27-ல் ஹைதர் அலியோடு நடந்த சண்டையில் செத்துப்போன ரெண்டு கம்பெனி அதிகாரிகளுக்காக வெச்சது. சரியா ஒரு மாசம் கழிச்சு, செப்டம்பர் 27-ல், சோளிங்கர்ல மறுபடியும் மோதல். நீங்க மூச்சு வாங்க மலையேறி நரசிம்மரைக் கும்பிடுற அதே சோளிங்கர்தான்!

அங்கே சண்டை போட்ட குதிரைப்படை ஒண்ணு, ஆற்காடு நவாபுக்காகத் திரட்டப்பட்டு கம்பெனி கைக்குப் போனது. 'சோளிங்கர்'னு அதுக்குப் போர்ப் பட்டமும் கிடைச்சது. (நம்ம ஊர் பேரு, ஆனா கம்பெனி ஜெயிச்ச சண்டை. சந்தோஷப்படுறதா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க!) பேர் பலமுறை மாறி, அதுதான் 16-வது கேவல்ரி ஆச்சு. ரெண்டாம் உலகப் போர்ல குதிரையை விட்டுட்டு கவச கார்ல ஏறிச்சு.

குதிரை போய் டாங்கி வந்துட்டா கவசப் படை ரெடின்னு நினைச்சா, அது தப்பு. பிரிட்டிஷ்காரங்களே அடிபட்டுத்தான் இதைக் கத்துக்கிட்டாங்க.

1940-ல அவங்க கவச டிவிஷன்ல ரெண்டு டாங்கி பிரிகேடு, கூடவே ஒரு சின்ன உதவிப் படை. அதாவது டாங்கி ஏகத்துக்கு, காலாட்படை கொஞ்சூண்டு. இந்தக் கணக்கு எப்படி உடைஞ்சதுன்னு பார்க்க லிபியா பாலைவனத்துக்குப் போகணும்.

1941 தொடக்கத்துல அங்கே நின்னது பிரிட்டனோட 2-வது கவச டிவிஷன். பேரு கம்பீரமாத்தான் இருக்கு. ஆனா அதோட ஒரு டாங்கி பிரிகேடை கிரீஸுக்கு அனுப்பிட்டாங்க. மிச்சமிருந்த பிரிகேடுல பாதி வண்டிங்க தேய்ஞ்சு போனது, மீதி இத்தாலிக்காரங்ககிட்ட பிடிச்சது! துணைக்குப் போனது 3-வது இந்திய மோட்டார் பிரிகேடு. அதுல இருந்த மூணு ரெஜிமென்ட்டும் குதிரையை விட்டு அப்பத்தான் இறங்கினவை. அவங்களுக்கு டாங்கி கிடையாது. லாரிதான்.

எதிரே வந்தவர் ரோம்மெல். ஏப்ரல் 8-ம் தேதி மெக்கிலிங்கிற பாலைவனக் கோட்டையில டிவிஷன் தலைமையகத்தையே சுத்தி வளைச்சுட்டாங்க. ஜெனரலே கைதி. இந்திய வீரர்கள்ல ஒரு பகுதி வளையத்தை உடைச்சுக்கிட்டு வெளியேறினாங்க, நிறைய பேர் சிறைபட்டாங்க. அடுத்த மாசமே அந்த டிவிஷனைக் கலைச்சாச்சு. எங்கேயோ ஒரு ஆபீஸ் காகிதத்துல 'கவசம்'னு எழுதினதை நம்பி லாரியில உட்கார்ந்திருந்தவனை நினைச்சா மனசு கனக்குது.

அப்புறம் 1942-ல கணக்கை மாத்தினாங்க. ஒரு டாங்கி பிரிகேடு, அதுக்குச் சமமா லாரியில வர்ற ஒரு காலாட்படை பிரிகேடு. பீரங்கி, கண்ணிவெடி எடுக்கிற பொறியாளர்கள், வயர்லெஸ், பழுது பார்க்கிற மெக்கானிக், பெட்ரோல் வண்டி எல்லாம் கூடவே. மொத்தம் சுமார் 15 ஆயிரம் பேர். டாங்கிக்குள்ளே உட்கார்ந்தவங்க அதுல சின்னப் பகுதிதான்!

புரியலையா? பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு தறி வீட்டுல எட்டிப் பாருங்க. கோர்வை புடவைக்கு உடலுக்கு ஒரு நாடா, ரெண்டு கரைக்கு ரெண்டு நாடா, பக்கத்துல துணைக்கு ஒரு ஆள். உடல் ஒரு கலர், கரை ஒரு கலர். சேர்ற இடத்துல ஒரு இழை தவறினாலும் புடவை அங்கேதான் பிரியும். மெக்கிலியில பிரிஞ்சது அந்த இடம்தான்.

சரி, நம்ம 16-வது கேவல்ரி என்ன ஆச்சு? 1945 மார்ச்சில் பர்மாவோட மெய்க்டீலா ஜப்பானியர் கையிலேர்ந்து பறிபோனப்போ, 255-வது இந்திய டாங்கி பிரிகேடோட அதுவும் இருந்தது. இந்தத் தடவை ஷெர்மன் டாங்கி, லாரியில 17-வது இந்திய டிவிஷனோட காலாட்படை, மேலே சப்ளை போடுற விமானம்னு கோர்வை சரியா விழுந்தது. ரெஜிமென்ட்டை நடத்தினவர் ஒரு இந்தியர், ஜே.என்.சௌத்ரி. 1948-ல ஹைதராபாத்துக்குள்ளே 1-வது கவச டிவிஷனைக் கொண்டுபோனதும் இவர்தான். உலகப் போர்ல 31-வது இந்திய கவச டிவிஷன்னு இருந்ததுதான் அது.

1965 போர்ல சௌத்ரி ராணுவத் தளபதி. அதே 1-வது கவச டிவிஷன்ல, செஞ்சூரியன் டாங்கிகளோட, சியால்கோட் பகுதிக்குள்ளே போனது 16-வது கேவல்ரி. ஃபில்லோரா நம்ம கைக்கு வந்தது. அடுத்து சவிண்டா. அங்கே டாங்கியும் காலாட்படையும் நேரத்துக்குக் கைகோக்கலை. கடைசி வரைக்கும் ஊரைப் பிடிக்க முடியலை. 24 வருஷத்துக்கு முன்னாடி லிபியாவுல பிரிஞ்ச அதே இழை.