தோலும் துவர்ப்பும்

மாணவர்களே! நாவற்பழம் தின்றதும் வாய் வறண்டு இறுகுவதுபோல் தோன்றும் அல்லவா? அச்சுவையே துவர்ப்பு. பழத்திலுள்ள டானின் என்னும் பொருள், உமிழ்நீரிலுள்ள புரதத்துடன் சேர்கிறது. வாயின் வழவழப்புக் குறைகிறது.

டானினின் இப்பண்பையே தொழிலாக்கி வாழ்ந்த தமிழர் நம் மும்பையில் இருந்தனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்தவர்கள், குறிப்பாகத் தமிழ் முஸ்லிம்கள், தாராவியில் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தனர். அங்குள்ள பெரிய பள்ளிவாசல் 1887இல் அவர்களால் எழுந்தது.

பச்சைத்தோல் விரைவில் அழுகிவிடும். உப்பிட்டு உலர்த்தினால் அழுகாது. ஆனால், நீரில் ஊறவைத்தால் உப்புக் கரைந்து, தோல் பழைய நிலையை அடையும். மீண்டும் அழுகத் தொடங்கும். இங்கே புதிய பொருள் எதுவும் தோன்றவில்லை. இஃது இயற்பியல் மாற்றம்.

பதனிடுவோர் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிரை நீக்குவர். பின்னர்ப் பட்டை ஊறிய நீரில் பல நாள் அமிழ்த்துவர். தமிழகத்தில் இதற்கு ஆவாரம்பட்டை பெரிதும் பயன்பட்டது. பட்டையின் டானின், தோலிலுள்ள கொல்லாஜன் என்னும் புரத இழைகளுடன் பிணைகிறது. இனி நீரில் நனைத்தாலும் தோல் எளிதில் அழுகாது. கழுவினாலும் பச்சைத்தோல் ஆகாது. புதிய பண்புகளுடைய பொருள் தோன்றிவிட்டது. இதுவே வேதி மாற்றம். இம்மாற்றத்தை உண்டாக்கும் நிகழ்ச்சி வேதிவினை எனப்படும்.

தோல் முழுவதும் பதப்பட்டதா என்பதை எவ்வாறு அறிவது? ஓரத்தைச் சிறிது வெட்டி, பட்டையின் நிறம் நடுப்பகுதி வரை சென்றுள்ளதா என்று பார்ப்பர். பார்வையும் தொடுகையுமே அவர்களுடைய ஆய்வுக்கருவிகள். நாற்றமுடைய தொழில் என்று பலர் முகஞ்சுளித்து விலகினர். ஆயினும், அத்தொட்டிகளுள் நிகழ்ந்தது நாம் வகுப்பறையில் கற்கும் அதே வேதியியல்தான்.

இன்று தாராவியில் தோற்பைகளும் இடைவார்களும் விற்கும் கடைகளைக் காண்கிறோம். அவ்வழியே செல்லும்போது, அழுகும் பொருளை நிலைக்கச் செய்த அக்கைகளை நினைத்துப் பாருங்கள். கையால் செய்யும் தொழில் எதுவாயினும் அதனுள் அறிவு உண்டு.

சொற்பொருள்
பதனிடுதல் – கெடாதவாறு பக்குவப்படுத்துதல்
அமிழ்த்துதல் – மூழ்கச் செய்தல்
இடைவார் – இடுப்பில் அணியும் தோல் பட்டை

சிந்தித்து எழுதுக
1. பனிக்கட்டி உருகுதல், பால் தயிராதல் – இவற்றுள் வேதி மாற்றம் எது? ஏன்?
2. உங்கள் குடும்பத்தார் செய்யும் தொழிலில் நிகழும் ஒரு மாற்றத்தைக் கேட்டறிந்து ஐந்து வரிகளில் எழுதுக.